வீடு வேறு, பிரட்டு வேறு: கணினியில் ஃபைல்களும் ஃபோல்டர்களும் அடுக்கப்படும் விதம் – முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு எடுக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், தோட்ட ஆபீசில் வேலை செய்பவர்கள், ஆசிரியைமார் சிலர் என்று ஒரு பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒரு நாள் வகுப்பு தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஒரு பிள்ளை லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். மழையில் நனைந்து வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. "சேர், டவுன்லோட்ஸ்ல இருந்த எல்லாம் போயிருச்சு. திங்கக்கிழமை அசைன்மென்ட் குடுக்கணும்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு ஃபைலும் கண்ணில் படவில்லை. இன்று, கடந்த வாரம், கடந்த மாதம், நெடுநாட்களுக்கு முன் என்று ஆங்கிலத்தில் நான்கு தலைப்புகள் மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு தலைப்பின் ஓரத்திலும் மிகச் சிறிய அம்புக்குறி ஒன்று. 'கடந்த மாதம்' பக்கத்திலிருந்த அம்புக்குறியை அழுத்தினேன். பதினேழு ஃபைல்கள் விரிந்தன. அசைன்மென்ட் மூன்றாவதாக இருந்தது.

யாரோ தெரியாமல் எல்லாத் தலைப்புகளையும் மடக்கிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அதனால்தான் இந்த விஷயத்தை ஆற அமர, ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து விடுவதைப் பிரட்டு என்பார்கள். அந்தப் பிரட்டுக்களத்தைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப்பிள்ளை ஆட்களைப் பிரித்து விடுவார். கொழுந்து எடுப்பவர்கள் ஒரு பக்கம், கவ்வாத்து வெட்டுபவர்கள் ஒரு பக்கம், மருந்தடிப்பவர்கள் இன்னொரு பக்கம். மேல் லயத்து (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) ஆளும் கீழ் லயத்து ஆளும் ஒரே அணியில் நிற்பார்கள். நாளைக்கு வேறு மாதிரிப் பிரிப்பார்கள். அதற்காக யாருடைய வீடும் மாறிவிடாது. வேலை முடிந்ததும் லயத்தில் அவரவர் வீடான காம்பராவுக்குத்தான் போவார்கள்.

கணினியிலும் இதே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஃபோல்டர் என்பது ஃபைலின் வீடு. 'குரூப் பை', 'சோர்ட் பை' எல்லாம் பிரட்டு. நீங்கள் பார்ப்பதற்காகக் கணினி ஃபைல்களை அந்த நேரத்துக்கு வரிசைப்படுத்திக் காட்டுகிறது. எந்தக் குரூப்பில் காட்டினாலும் ஃபைல் தன் வீட்டைவிட்டு நகர்வதில்லை. என்னிடம் 'ஃபைல் தொலைந்துவிட்டது' என்று வருகிற பலர் பிரட்டைப் பார்த்துவிட்டு வீடே போய்விட்டது என்று நினைத்தவர்கள்தான்.

படி 1: ஃபைலின் விலாசத்தைப் படிக்கப் பழகுங்கள்

மாவட்டம், தோட்டம், டிவிஷன், லய நம்பர், காம்பரா நம்பர் என்று வெளியிலிருந்து உள்ளே வந்தால் ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பாடசாலையில் 'பணிசெயல் முறைமை' என்று படித்தோமே, விண்டோஸ் போன்றவை, அதுவும் இப்படித்தான் விலாசம் வைத்திருக்கிறது. முதலில் டிரைவ், அதற்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர், கடைசியில் ஃபைல். உதாரணத்துக்கு, டவுன்லோட்ஸில் இருக்கும் ஒரு ஃபைலின் விலாசம் இப்படி இருக்கும்:

சி: \ யூசர்ஸ் \ உங்கள் கணக்கின் பெயர் \ டவுன்லோட்ஸ் \ அசைன்மென்ட்

இதைப் 'பாத்' என்பார்கள். எந்த ஃபைலின் மேலும் ரைட் கிளிக் செய்து, 'புரொப்பர்ட்டீஸ்' திறந்து, 'லொக்கேஷன்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே இருப்பதுதான் ஃபைலின் உண்மையான வீடு. வகுப்பில் நான் முதல் நாளே இதைச் செய்யச் சொல்வேன். பத்து ஃபைலுக்கு இப்படிப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து சேரும். எந்த லயம் என்று எழுதியிருக்காவிட்டால் யாருடையது என்று விசாரிக்க வேண்டும். ஃபைலுக்கும் அதே சட்டம்தான். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் வெவ்வேறு ஃபோல்டர்களில் தாராளமாக இருக்கலாம். ஒரே ஃபோல்டருக்குள் இருக்க முடியாது. அதனால்தான் கொப்பி பண்ணும்போது 'ஏற்கெனவே இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றட்டுமா' என்று கேட்கிறது. அந்தக் கேள்வி வந்தால் அவசரப்பட்டு 'ரிப்ளேஸ்' அழுத்தாதீர்கள். பழையது அழிந்து அதன் இடத்துக்குப் புதியது வந்துவிடும்.

படி 2: டிரைவ் என்றால் என்ன

டிரைவ் என்பது ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க், அல்லது அதில் பிரித்த ஒரு பகுதி. 'திஸ் பிசி' திறந்தால் சி, டி, ஈ என்று எழுத்துகள் தெரியும். ஏ, பி எங்கே என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் அந்த இரண்டு எழுத்துகளும் பிளொப்பி டிஸ்க்குக்குப் போய்விட்டன. ஹார்ட் டிஸ்க் பிறகு வந்ததால் அதற்கு சி. பிளொப்பி போய்விட்டது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்கிற வசதியே ஒரு காலத்தில் இந்தக் கணினிகளில் கிடையாது. விண்டோஸுக்கு முந்தைய பணிசெயல் முறைமை எம்எஸ்-டாஸ். 1981 இல் வந்த அதன் முதல் பதிப்பில் ஒரு டிஸ்க்கில் இருந்த ஃபைல்கள் எல்லாம் ஒரே பட்டியலில் கிடந்தன. 1983 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உள் ஃபோல்டர்கள் வந்தன. ஹார்ட் டிஸ்க் வந்து ஃபைல்கள் பெருகியதும் ஒரே பட்டியல் போதாமல் போயிற்று. ஃபைல் பெயரும் அப்போது எட்டு எழுத்தும், புள்ளிக்குப் பிறகு மூன்று எழுத்தும்தான். 1995 இல் விண்டோஸ் 95 வந்த பிறகுதான் நீளமான பெயர் வைக்க முடிந்தது.

பென் டிரைவ் செருகினால் அதற்கும் ஒரு எழுத்து கிடைக்கும். இந்தக் கணினியில் ஈ, இன்னொன்றில் எஃப் ஆகலாம். எழுத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். லினக்ஸ் என்ற இன்னொரு பணிசெயல் முறைமையில் இந்த எழுத்துக் கணக்கே இல்லை. எல்லாம் '/' என்ற ஒரே வேரிலிருந்து கிளைக்கும், பென் டிரைவும் அந்த மரத்தில் ஒரு கிளைதான்.

படி 3: இடம் மாதிரித் தெரியும், ஆனால் இடம் இல்லை

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

விண்டோஸ் 11 இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்ததும் 'ஹோம்' வரும். அதில் 'ரீசன்ட்' என்று சமீபத்தில் திறந்த ஃபைல்கள் தெரியும். அவை அங்கே குடியிருக்கவில்லை. வெவ்வேறு ஃபோல்டர்களில் இருப்பவற்றின் பெயர்ப் பட்டியல் அது. அங்கே ஒரு ஃபைலைக் கண்டுபிடித்தால் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' கொடுங்கள். உண்மையான வீட்டுக்குக் கூட்டிப்போகும். தேடும் பெட்டியில் வரும் விடைகளுக்கும் இதே வழிதான்.

'லைப்ரரி' என்று ஒன்று விண்டோஸ் 7 உடன் 2009 இல் வந்தது. பல ஃபோல்டர்களில் இருப்பதைச் சேர்த்து ஒரே இடத்தில் காட்டும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. லைப்ரரியில் தெரிகிற ஃபைலை அழித்தால் அது உண்மையாகவே வீட்டிலிருந்தும் போய்விடும்.

ஷோர்ட்கட் வேறு. மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அது வீட்டுக்கு வழிகாட்டும் பலகை மாதிரி. அதை அழித்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் பிரயோசனமும் இல்லை. ஒரு ஆசிரியை பரீட்சை வினாத்தாளைப் பிரிண்ட் எடுக்க டவுனுக்குப் பஸ் பிடித்து வந்து, பென் டிரைவில் ஷோர்ட்கட் மட்டும் இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார். பாவம், கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

ஜிப் ஃபைல் இன்னொரு ஏமாற்று. இரண்டு முறை கிளிக் செய்தால் ஃபோல்டர் மாதிரியே திறக்கும். ஆனால் அது கட்டிவைத்த மூட்டை. உள்ளே இருப்பதை அப்படியே திறந்து திருத்தி சேவ் பண்ணினால் திருத்தம் மூட்டைக்குள் போய்ச் சேராது. முதலில் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஓல்' கொடுத்து வெளியே எடுங்கள். அப்புறம் திருத்துங்கள்.

வன்டிரைவையும் (OneDrive, மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடம்) சொல்ல வேண்டும். புதிய லெப்டொப்பில் மைக்ரோசொஃப்ட் கணக்குப் போட்டு உள்ளே போனவர்களின் 'டெஸ்க்டொப்', 'டொகியுமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' மூன்றும் பல நேரம் வன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. லொக்கேஷன் வரியில் வன்டிரைவ் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன் டேட்டாவில் வேலை செய்பவர்களுக்கு இது முக்கியம். தெரியாமல் படங்கள் மேலேறிக்கொண்டிருந்தால் டேட்டா தீர்ந்துவிடும்.

படி 4: குரூப் பை, சோர்ட் பை

இனி பிரட்டுக்களத்துக்கு வருவோம். ஒரு ஃபோல்டரைத் திறந்து, ஃபைல்கள் இல்லாத வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். 'சோர்ட் பை', 'குரூப் பை' இரண்டும் தெரியும்.

சோர்ட் என்பது ஒரே வரிசையில் முன்பின்னாக நிறுத்துவது. பெயர், திகதி, வகை, அளவு என்று எதை வைத்தும் நிறுத்தலாம். குரூப் என்பது தலைப்புப் போட்டு அணி அணியாகப் பிரிப்பது. இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். வகை வாரியாகக் குரூப், ஒவ்வொரு குரூப்புக்குள்ளும் பெயர் வாரியாக சோர்ட். தோட்ட ஆபீசில் வேலை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கடிதங்கள் ஒரு பக்கம், எக்செல் கணக்குகள் ஒரு பக்கம், ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப்கள் ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்துவிடும்.

குரூப்பே வேண்டாம் என்றால் அதே மெனுவில் 'நன்' என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதை அழுத்துங்கள். தலைப்புகள் மறைந்து எல்லா ஃபைல்களும் ஒரே வரிசைக்கு வந்துவிடும். தலைப்புகள் இருக்கட்டும், விரித்து மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ஏதாவது ஒரு தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்பான்ட் ஓல் குரூப்ஸ்' கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு முந்தின இரவே இது தெரிந்திருக்க வேண்டும்.

நாம் ஒன்றும் செய்யாமலே டவுன்லோட்ஸ் மட்டும் ஏன் திகதி வாரியாகப் பிரிந்து கிடக்கிறது? விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு மாதிரி வடிவம் வைத்திருக்கிறது. பொதுவானது, டொகியுமென்ட், படம், பாட்டு, வீடியோ என்று. டவுன்லோட்ஸுக்குத் தனி வடிவம். 2019 இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த வடிவத்தில் திகதிக் குரூப் சேர்ந்துவிட்டது. மற்ற ஃபோல்டர்களில் உள்ளே என்ன அதிகம் இருக்கிறது என்று பார்த்து விண்டோஸே வடிவத்தைத் தெரிவு செய்யும். படங்கள் நிறைந்த ஃபோல்டர் பெரிய பெரிய படங்களாகத் திறப்பது அதனால்தான். பிடிக்காவிட்டால் ஃபோல்டரின் புரொப்பர்ட்டீஸில் 'கஸ்டமைஸ்' பக்கத்துக்குப் போய் வேறு வடிவம் கொடுக்கலாம்.

அளவு வாரியாகக் குரூப் பண்ணுவது டிஸ்க் நிறைந்துபோனால் உதவும். மிகப் பெரியவை தனித் தலைப்பின் கீழ் வந்து நிற்கும். பெரும்பாலும் ஒரு கல்யாண வீடியோதான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

படி 5: வகையும் திகதியும் எங்கிருந்து வருகின்றன

ஒரு ஃபைல் என்ன வகை என்பதை விண்டோஸ் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை வைத்து முடிவு செய்கிறது. இதை எக்ஸ்டென்ஷன் என்பார்கள். வேர்டுக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று, படத்துக்கு ஜேபிஜி. சாதாரணமாக இது மறைந்திருக்கும். விண்டோஸ் 11 இல் 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் டிக் போடுங்கள். விண்டோஸ் 10 இல் மேலே 'வியூ' பட்டியிலேயே அந்தப் பெட்டி இருக்கிறது. இதை எப்போதும் காட்டும்படி வைத்திருப்பது பாதுகாப்புக்கும் நல்லது. படம் என்று நினைத்து வைரஸைத் திறப்பது இதனால் குறையும். பெயர் மாற்றும்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தொடாதீர்கள்.

திகதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'டேட் மொடிஃபைட்' என்பது கடைசியாகத் திருத்திய நாள். 'டேட் கிரியேட்டட்' என்பது அந்த ஃபைல் அந்த இடத்தில் உருவான நாள். பென் டிரைவிலிருந்து கொப்பி பண்ணினால் திருத்திய நாள் பழையபடியே இருக்கும், உருவான நாள் இன்றைய நாளாகிவிடும். அதனால் திருத்திய பிறகு பிறந்த ஃபைல் போல ஒரு விசித்திரம் தெரியும். பயப்பட வேண்டாம், அது கொப்பி என்று அர்த்தம்.

படி 6: குடி மாற்றுவது

ஃபைலின் வீட்டை உண்மையாக மாற்ற 'கட்' செய்து வேறு ஃபோல்டரில் 'பேஸ்ட்' செய்ய வேண்டும். ஒரே டிரைவுக்குள் என்றால் பெரிய வீடியோ கூட ஒரு நொடியில் நகரும். ஃபைலின் உள்ளே இருக்கும் விஷயம் நகர்வதே இல்லை. எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பதிவு மட்டும் மாறுகிறது. சி யிலிருந்து பென் டிரைவுக்கு என்றால் முழுவதையும் எழுத வேண்டும், நேரம் எடுக்கும்.

மவுஸால் இழுத்துப் போடுவதில் இந்த வித்தியாசம் பலரைக் குழப்பும். ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைல் நகர்ந்துவிடும். வேறு டிரைவுக்கு இழுத்தால் கொப்பி ஆகும். எப்போதும் கொப்பி வேண்டுமென்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுங்கள். எப்போதும் நகர்த்த வேண்டுமென்றால் ஷிஃப்டை.

இதில் நான் ஒருமுறை பட்டதைச் சொல்கிறேன். வகுப்புக் குறிப்புகள் எல்லாம் பென் டிரைவில் இருந்தன. கணினியில் ஒரு பிரதி இருக்கிறது என்ற நினைப்பில் பென் டிரைவில் இருந்ததை அழித்தேன். அழித்தவை தங்கும் ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்று தேடினால் அங்கே இல்லை. சாதாரணமாக பென் டிரைவில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே போய்விடும். கணினியில் இருந்த பிரதியோ மூன்று மாதம் பழையது. அன்றிலிருந்து அழிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் திருத்திய திகதியைப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை.

படி 7: உங்கள் வீட்டுக்கு ஒரு மரம்

இப்போது நீங்களே ஒன்று செய்து பாருங்கள். டி டிரைவ் இருந்தால் அதில், இல்லாவிட்டால் டொகியுமென்ட்ஸில், கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் புதிய ஃபோல்டர் வரும். 'குடும்பம்' என்று பெயர் வையுங்கள். அதற்குள் ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அம்மாவின் ஃபோல்டரில் அடையாள அட்டை, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பத்திரங்கள். தம்பியின் ஃபோல்டரில் பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு. வீட்டுக்கும் காணிக்கும் உரிய பத்திரங்களுக்குப் 'பொது' என்று ஒரு ஃபோல்டர். இவ்வளவு போதும். கிராம சேவகர் ஒரு பத்திரம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

மூன்று நான்கு படிக்கு மேல் ஆழமாகப் போகாதீர்கள். தேடுவது கஷ்டம் என்பது ஒன்று. விண்டோஸில் முழு விலாசமும் வழக்கமாக 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது இன்னொன்று. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளமான பெயர்கள் வைத்துக்கொண்டே போனால் ஒரு நாள் கொப்பி ஆக மறுக்கும்.

பெயரில் திகதி போடுவதாக இருந்தால் வருடத்தை முன்னால் போடுங்கள். 2025-03-14 என்று. நாம் பேச்சில் நாளை முன்னால் சொல்வோம், ஆனால் பெயர் வாரியாக சோர்ட் பண்ணும்போது வருடம் முன்னால் இருந்தால்தான் காலவரிசை சரியாக வரும். \ / : * ? " < > | என்ற ஒன்பது குறிகளையும் பெயரில் விண்டோஸ் ஏற்காது. அதனால்தான் திகதியைச் சாய்கோடு போட்டு எழுத முடிவதில்லை.

தமிழிலேயே பெயர் வைக்கலாம், வையுங்கள். யுனிகோட் எழுத்தில், அதாவது கணினி தமிழைத் தமிழாகவே அறியும் முறையில், தட்ட வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியவர்கள் ஃபைல் பெயரில் அப்படியே தட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பாமினியில் மாறுவது எழுத்தின் உருவம் மட்டும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும், வேறு மென்பொருள் தேவையில்லை.

போனில் இருக்கும் படங்களை இந்த மரத்துக்குள் கொண்டுவர யுஎஸ்பி வயரைச் செருகி, போன் திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தெரிவு செய்யுங்கள். கெமராவில் எடுத்தவை டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் இருக்கும். வட்ஸ்அப்பில் வந்தவை அதில் இருக்காது. புதிய ஆன்ட்ராய்டு போன்களில் 'ஆன்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வட்ஸ்அப் என்று ஆழத்தில் இருக்கும்.

போட்டோக்கொப்பி, ஸ்கேன் எடுத்துக் கொடுக்கும் கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணினால் ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. பத்திரம் உங்கள் பென் டிரைவுக்கு வந்தாலும், கடைக் கணினியின் டவுன்லோட்ஸிலோ டெஸ்க்டொப்பிலோ ஒரு பிரதி தங்கிவிடும். உங்கள் அடையாள அட்டை அடுத்து வருபவர் கண்ணில் படக்கூடாது. அந்த ஃபோல்டரைத் திறந்து, திகதி வாரியாகக் குரூப் பண்ணி, 'இன்று' என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். உங்களுடையதைத் தெரிவு செய்து ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுங்கள். ரீசைக்கிள் பின்னில் தங்காமல் போய்விடும். முதலில் பென் டிரைவில் இருப்பதைத் திறந்து பார்த்துவிட்டு மட்டும் இதைச் செய்யுங்கள்.